அக்காவின் மூன்று டாக்டர் பிள்ளைகள்

மாடி அறைப் பொத்தானக்காவுக்கு மூன்று பையன்கள், மூன்று பேரும் வெளிநாட்டில் டாக்டர்கள், அம்மாவைத் தாங்கு தாங்கென்று தாங்குகிறார்கள் என்று எங்கள் தெருவே சொல்லும். நம்பாதீர்கள். உண்மைக் கதை என்னிடம் இருக்கிறது. கண் காது மூக்கு வைக்காமல் சொல்கிறேன். எங்காவது ஒட்டியிருந்தால் அது பழக்கதோஷம்.

அக்காவுக்குச் சட்டைத் தொழிற்சாலையில் செக்கிங் வேலை. ஒரு சட்டையில் ஒரு பொத்தான் ஆடினாலும் பெட்டியையே திருப்பி அனுப்பிவிடுவார். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். அறையில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அக்கா, மற்றதில் மடிக்காத துணி. ரேடியோவில் செய்தி வாசிப்பவர் வணக்கம் சொன்னால் இவரும் பதில் வணக்கம் சொல்வார்.

நூலக மாடியில் சாயங்காலம் தர்க்க வகுப்பு நடந்தது. இலவசம். நாலு குரல் காதில் விழுமே என்று அக்கா போனார். மின்விசிறி நன்றாகச் சுற்றுமே என்று நான் போனேன். பாடம் நடத்திய டீச்சர் சின்னப் பெண். ஒரு நாள் மூடிய டப்பா ஒன்றை மேசையில் வைத்தார்.

"இதுல இருக்கிற பேனா எல்லாமே சிவப்பு."

திறந்தால் டப்பா காலி.

"பொய் டீச்சர்!" என்றேன்.

"அப்போ இதுக்குள்ளயிருந்து சிவப்பு இல்லாத பேனா ஒண்ணை எடுத்துக் காட்டுங்கண்ணே."

டப்பாவைத் தலைகீழாகத் தட்டிப் பார்த்தேன். தூசி விழுந்தது.

"காட்ட முடியலல்ல? அப்போ நான் சொன்னது நிக்கும். 'எல்லாம்'னு சொன்னதை உடைக்க, மாறா ஒண்ணு வேணும். ஆனா உள்ள பேனா இருக்குன்னு நான் சொல்லவே இல்லையே. 'இருக்கு'ங்கிறது தனிப் பேச்சு."

எனக்குத் தலை சுற்றியது. அக்காவோ விழுந்து விழுந்து சிரித்தார். "காலிப் பெட்டிய செக்கிங்ல யாராலயும் ஃபெயில் பண்ண முடியாது" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அந்த வாரமே வீட்டுக்கார அம்மா அறையைக் காலி செய்யச் சொன்னார்.

"ஒண்டிக்கட்டைக்கு இனிமே வீடு தர்றதா இல்லம்மா. நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா யார் பார்ப்பா?"

அக்கா படியில் நின்றபடியே சொன்னார்: "என் பிள்ளைங்கள்ல ஒருத்தர்கூட என்னைத் தனியா விட்டுட்டுப் போனதில்லீங்க."

வீட்டுக்கார அம்மா உருகிப் போனார். அறை தப்பியது. அதற்குப் பிறகு தெரு சும்மா இருக்குமா? இஸ்திரிக்காரர் தன் பேச்சில் அக்காவுக்கு ஒரு பையனைக் கொடுத்தார். முதல் மாடி அத்தை இன்னொருவனைக் கொடுத்து இருவரையும் டாக்டருக்குப் படிக்க வைத்தார். மூன்றாமவனை யார் சேர்த்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

அக்கா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் படியேறும்போது "பெரியவன் பேசினானா?" என்று கேட்க ஆள் இருந்தது. "சாப்டியாம்மா?" என்று கதவு தட்டினார்கள். இரண்டாவது நாற்காலியிலிருந்த துணியை அக்கா எடுத்துவிட்டார்.

வினை வீட்டுக்கார அம்மாவின் முழங்காலில் வந்தது. எக்ஸ்ரே கவரோடு மேலே ஏறி, நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். வேடிக்கை பார்க்க வாசலில் நாங்கள்.

"உன் பசங்கள்ல ஒருத்தனை வரச் சொல்லேம்மா. எவனா இருந்தாலும் சரி. இந்த முட்டியப் பார்த்துச் சொல்லட்டும்."

அக்கா எக்ஸ்ரே கவரை வாங்கி, அப்படியே அவர் மடியில் திருப்பி வைத்தார். ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்று நினைத்தேன்.

"மூணு பசங்களும் இல்ல, டாக்டரும் இல்ல. எனக்குப் பிள்ளையே பொறக்கல. காலி பண்ணணும்னா சொல்லுங்க, போயிடுறேன். ஆனா பொய் சொன்னேன்னு மட்டும் சொல்லாதீங்க. என்னை விட்டுட்டுப் போன பிள்ளை ஒண்ணைக் கூட்டிட்டு வந்து காட்டுங்க, அப்புறம் பேசலாம்."