வாத்தும் மச்சினனும்

அம்புரோஸ் தூத்துக்குடியில் யாரையும் நம்பாத மனுஷர். தராசை நம்ப மாட்டார், கடிகாரத்தை நம்ப மாட்டார், சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூடப் பாதியைத்தான் சொல்வார். தொழிலோ சங்கு குளிப்பு. ஒரு நாளைக்கு நாற்பது தடவை கடலடியில் முங்கவேண்டும்; தோணியில் கயிறு பிடிக்கிறவன் இழுத்தால்தான் மறு மூச்சு.

அந்தக் கயிற்றைப் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் பிடிக்கவேண்டும் என்பது கடற்கரை வழக்கம். அக்காள் தாலி அறுபடுவதைப் பார்த்திருக்க எவனுக்கும் மனசு வராதே. ஆகவே பெண் பார்க்கப் போன அன்று அம்புரோஸ் சிசிலியை ஒரு தடவையும், அவளுடைய ஒரே தம்பி தொபியாஸின் கைகளை மூன்று தடவையும் பார்த்தார்.

1948 தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரெஞ்சுச் சாமியார் ஒருவர் பள்ளிக்கூட ஹாலில் சன்னல்களை அடைத்து, தம் நாட்டுப் பழைய படம் ஒன்றைப் போட்டுக் காட்டினார். பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றிய இருபது நிமிஷப் படம்; பேச்சு கிடையாது. ஒரு பையன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குளத்தில் முங்குகிறான். கரையில் பிடித்திருந்தவன் ஒரு வாத்தைக் கண்டதும் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடுகிறான். முங்கியவன் தானே கரையேறி மூக்கைச் சிந்துகிறான். ஹாலே சிரித்தது. அம்புரோஸின் காதில் தொபியாஸின் சிரிப்பு மட்டும் விழுந்தது.

"எதுக்குலே சிரிச்ச?"

"வாத்தைப் பாத்துதான் அத்தான்."

"வாத்து அப்பமே போயிட்டு. நீ பெறவும் சிரிச்சியே?"

மறுநாள் அவர் சங்கு தேடவில்லை. முங்கியதும் கயிற்றைச் சுண்டுவார். தொபியாஸ் உடனே இழுப்பான். எட்டுத் தடவை வெறுங்கையோடு மேலே வந்தார். ஒன்பதாவது தடவை தொபியாஸ் அவர் முகத்தை உற்றுப் பார்த்தான். அவருக்குக் கொஞ்சமும் மூச்சு வாங்கவில்லை.

"என்னையவா சோதிக்கிய? ஒரு வாத்துக்காவ?" கயிற்றைத் தோணிக்குள் எறிந்தான். "வேற ஆளப் பாருங்க."

வேறு ஆள் எங்கே? தோணியில் கயிறு பிடித்திருந்த மற்ற நாலு பேருக்கும் அவரவர் அத்தான் தண்ணீருக்குள். சீசனோ இன்னும் மூன்று மாதம்.

"ஏலே அம்புரோஸு, இன்னொரு பொண்ணக் கட்டு. சிரிக்காத மச்சினனாப் பாத்து" என்றார் தோணியை நடத்தும் தண்டல் கஸ்பார்.

அம்புரோஸ் தோணியில் ஏறிக் கயிற்றைப் பொறுக்கி நீட்டினார். மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்டால் அவன் நம்புவானோ மாட்டானோ என்று சந்தேகம்.

"பிடிலே."

"கடல்ல பிடிக்கேன். கரையில எங்கிட்டப் பேசப்பிடாது."

ஒன்பது வருஷம் அப்படியே நடந்தது. சொல்லவேண்டியதை இருவரும் சிசிலியிடம் சொல்லியனுப்பினார்கள். பேசாதவன் பொய் சொல்ல முடியாது என்பதால் அம்புரோஸுக்குத் தொபியாஸ் மேல் இருந்த சந்தேகம் மெல்லத் தீர்ந்தது. சிசிலி மேல் வந்தது.