வெடிப்புக்குள் கிடந்தது

யூஜினா இலங்கை மலையகத்தில், கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவரின் மகள். வெளியூர்க்காரர்களைப் பாறை ஏற்றிக் கூட்டிப்போவது அவள் தொழில். போன பெப்ரவரியில் கொழும்பிலிருந்து வந்த மதுரன், ஸ்பெயினிலும் தாய்லாந்திலும் பாறை ஏறியவர்.

இரண்டாம் நாள் காலை யூஜினா முன்னால் ஏறினாள். கீழே மதுரன் கயிற்றைப் பிடித்திருந்தார். பாதி உயரத்தில், பிடிமானத்துக்காக ஒரு வெடிப்புக்குள் கையை விட்டாள். விரல்கள் கொழகொழவென்று எதிலோ புதைந்தன. ஈரத்தாளில் சுற்றிய மலம். நாற்றம் முகத்தில் அடித்தது.

"இறக்குங்க!" என்று கத்தினாள். தரைக்கு வந்ததும் வாந்தி எடுத்தாள்.

மதுரன் சிரித்தார். "நேத்து மேல அவசரமாப் போச்சு. எல்லா நாட்டுலயும் நடக்கிறதுதான். உங்க தோட்டத்து ஆள் யாரையாவது விட்டு எடுத்துடுங்க."

மலத்தைவிட அந்தப் பேச்சுதான் அவளுக்கு அதிகம் குமட்டியது.

"இந்தப் பாறையில வடியிற தண்ணியத்தான் எங்க லயத்து வீடுகள்ல குடிக்கிறோம். நீங்களே ஏறி அள்ளிக்கிட்டு வாங்க. நான் கயிறு பிடிக்கிறேன்."

அவள் கயிற்றைப் பிடித்து நின்றதைப் பார்த்து, அவர் ஏறினார். பையில் அள்ளிக்கொண்டு இறங்கியவர், சமாதானமாகக் கைகொடுக்க வந்தார். யூஜினா திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் நாற்றம் போனதாகத் தெரியவில்லை. அன்றைக்குச் சோற்றைக் கரண்டியால்தான் சாப்பிட்டாள்.