என் மனைவியை டிக்கியில் வைத்துப் பூட்டிய காலை

என் மனைவிக்கு எதையும் திறந்து பார்க்காமல் இருக்க முடியாது. கல்யாணமான புதிதில் என் மாமியார் ஆசையாகக் கொடுத்த சுவர்க் கடிகாரம், வந்த அன்றைக்கே சாப்பாட்டு மேஜையில் சக்கரம் சக்கரமாகப் பிரிந்து கிடந்தது. பழுதா என்றால் இல்லை. "உள்ள எப்படித்தான் இருக்குன்னு பாத்தேன்" என்றாள். திரும்பப் பூட்டி மாட்டியதும் ஓடியது, அதையும் சொல்லியாக வேண்டும். தண்ணீர் வாரியத்தில் மீட்டர் சோதிக்கிற கூடத்தில் அவளுக்கு வேலை. மீட்டர் சரியாகச் சொல்கிறதா, பொய் சொல்கிறதா என்று நாள் முழுக்கக் குடைந்துவிட்டு வருபவள் வீட்டிலும் சும்மா இருப்பாளா? தெருவில் அவளுக்கு மீட்டரம்மா என்றே பெயர்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டி வந்து வாசலில் நிறுத்தினாள். சிவப்பு நிறம், எங்கள் இருவரையும்விட ஓரிரு வயதுதான் இளையது. தரையோடு தரையாகக் கிடக்கும் அதில் யாரும் ஏற முடியாது, இறங்கித்தான் உட்கார வேண்டும். நாங்கள் குடியிருந்த கட்டிடத்தின் பின்னால் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்தோம். அதன் பிறகு என் மனைவியின் முகத்தைவிட, வண்டிக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த அவளுடைய பாதங்களைத்தான் நான் அதிகம் பார்த்தேன்.

கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினாள். ஸ்டியரிங்கைச் சின்னதாக மாற்றினாள். பிறகு வெல்டிங் கற்றுக்கொண்டு, சைலன்சர் குழாயைப் பாதியில் வெட்டி, பின்பக்க பம்பருக்கு உள்ளேயே முடிகிற மாதிரி குட்டையாக ஒட்டினாள். அதுதான் அவள் கையால் செய்த முதல் பெரிய மாற்றம். அதிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்க வேண்டும்! தொண்டையைச் செருமிக்கொண்டு பாட ஆரம்பிப்பவரைப் போல ஒரு உறுமல். வண்டியை ஓடவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டே இருப்பாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

கோளாறு என்னிடம் இருந்தது. அப்படித்தான் எல்லோரும் நினைத்தோம். அந்த வண்டியில் உட்கார்ந்து பெட்ரோல் பங்க் தாண்டுவதற்குள் எனக்குக் குமட்டும். பங்க் ஓரமாக நிறுத்தச் சொல்லி, இறங்கி, வாந்தி எடுத்துவிட்டு, வீட்டுக்கு நடந்து வந்துவிடுவேன். பஸ்ஸில் எனக்கு இப்படி வந்ததில்லை. "அது பஸ்ஸுங்க. இது தரையோட உக்காந்த வண்டி, குலுக்கல் வயித்தப் புரட்டத்தான் செய்யும்" என்றாள். எனக்காக ஸ்பிரிங்கை மாற்றினாள், சீட்டுக்கு மெத்தென்ற பஞ்சு வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை என்றதும் என்னைக் கையில் எடுத்தாள். மாத்திரை கொடுத்தாள். எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடிக்கச் சொன்னாள். தூரத்தில் ஒரே இடத்தைப் பார்க்கச் சொன்னாள். முகம் வெளுக்க ஆரம்பித்ததும், "கண்ணாடிய நல்லா இறக்கி விடுங்க, காத்து வரட்டும்" என்பாள். இறக்குவேன். பங்க் வந்துவிடும்.

ஞாயிறு காலைகளில் அவள் தனியாகவே மலைப்பாதையில் மேலே போய்விட்டு வருவாள். எனக்கும் அங்கே என்னதான் இருக்கிறது என்று பார்க்க ஆசைதான். வந்ததும் தலைவலி என்று நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு படுத்துவிடுவாள். எதிர்க்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று இருவருமே சொல்லிக்கொண்டோம்.

போன மாதம் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள். "வண்டிய வித்துடலாம்னு இருக்கேன். பல் டாக்டர் ஒருத்தர் கேட்டாரு, ஞாயித்துக்கெழம வந்து பாக்கறாராம்."

"ஏன் திடீர்னு?"

"தனியா போய்த் தனியா வந்து அலுத்துப் போச்சுங்க. உங்களுக்கு அந்த வண்டி புடிக்கலைன்னா புடிக்கலைன்னே சொல்லியிருக்கலாம். வயித்த எதுக்குச் சாக்கு சொன்னீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தவனைப் பார்த்துச் சாக்கு என்றால்? பதில் சொன்னால் சண்டையாகிவிடும் என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். ஆனால் என்னால்தான் அவள் அந்த வண்டியை விடுகிறாள் என்பது மனதை அறுத்தது.

சனிக்கிழமை ஷெட்டில் அவள் விற்பனைக்காக வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் எடுபிடி. டிக்கியில் விரித்திருந்த பழைய துண்டை எடுத்து, "இத உதறிப் போடுங்க" என்று என்னிடம் வீசினாள். ஒருகாலத்தில் வெள்ளையாக இருந்த துண்டு, ஒரு ஓரத்தில் மட்டும் கரி பிடித்துக் கிடந்தது. எதற்கோ மூக்கருகே கொண்டு போனேன். நின்ற இடத்திலேயே குமட்டியது. ஓடிப்போய்ச் சுவரோரம் குனிந்துவிட்டேன்.

அவள் அசையாமல் என்னைப் பார்த்தாள். வண்டி நின்றுகொண்டிருந்தது. நானும் தரையில்தான் நின்றேன். குலுக்கல் என்று எதுவுமே இல்லை.

"இப்ப எதுக்கு வாந்தி வருது உங்களுக்கு?"

"அதே நாத்தம். பங்க்கு கிட்ட வருமே, அது."

"அம்மாவ ஆஸ்பத்திரில சேத்துட்டாங்கன்னு போன் வந்த அன்னிக்கு அவ்வளவு தூரம் இதுலதானே போனோம். அன்னிக்கு வரலையே?"

"அன்னிக்குப் பதட்டம்."

"பதட்டம் இல்ல, மழை" என்றாள். "கண்ணாடிய ஏத்தி விட்டிருந்தோம்."

அவளுடைய கண்ணில் அந்தக் கடிகாரத்தைப் பிரித்தபோது இருந்த பார்வையைக் கண்டேன். ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு படுத்தாள்.

காலையில் என்னைத் தட்டி எழுப்பி ஷெட்டுக்கு இழுத்துப் போனாள். டிக்கி எங்காவது சரியாக மூடாமல் இருந்தால் வெளிச்சம் உள்ளே தெரியும், அதைப் பார்க்க வேண்டும் என்றாள். ஒடுங்கி மடங்கி டிக்கிக்குள் படுத்தாள். நான் கதவைச் சாத்திப் பூட்டிவிட்டு, ஷெட் விளக்கை அணைத்து, டார்ச்சை விளிம்பு ஓரமாக நகர்த்த ஆரம்பித்தேன். பின்னால் யாரோ இருமினார்கள். பல் டாக்டர். சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்.

"வண்டி... பாக்கலாம்னு வந்தேன்" என்றார்.

"கொஞ்சம் இருங்க சார். உள்ள என் மனைவி இருக்காங்க."

அவருடைய முகத்தில் ஈயாடவில்லை. டிக்கியையும் என்னையும் பார்த்தார். "அவங்களாவேதான் போனாங்களா?" என்றபடி கையை மெல்லப் போன் இருக்கும் பாக்கெட்டுக்குக் கொண்டு போனார். நல்லவேளையாக உள்ளிருந்து சத்தம் வந்தது. "அங்கயே! அங்கயே நிறுத்துங்க! விரல் நுழையற அளவுக்கு வெளிச்சம் தெரியுது!"

திறந்தேன். கன்னத்தில் கரியோடு எழுந்து டிக்கியிலேயே உட்கார்ந்துகொண்டாள். அந்த ஓரத்தில் ரப்பர் நைந்து போயிருந்தது. நேர் கீழே அவள் குட்டையாக்கிய குழாயின் வாய். கண்ணாடியை இறக்கி ஓட்டும்போது காற்று வண்டிக்குள் இருப்பதை வெளியே இழுக்கிறது, அதற்கு ஈடாகப் பின்னாலிருந்து இந்த ஓட்டை வழியாகப் புகை உள்ளே வருகிறது. எனக்குப் புரிகிற மாதிரி அவளே விளக்கினாள். காற்று வரட்டும் என்று இறக்கிய கண்ணாடிதான் புகையை அழைத்து வந்திருக்கிறது.

"இத்தனை வருஷமா வண்டிய விட்டுட்டு உங்களச் சரி பண்ணிட்டு இருந்திருக்கேன்" என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

நான் ஜெயித்துவிட்டேன், நியாயப்படி அங்கே ஒரு ஆட்டம் போட்டிருக்க வேண்டும். ஆனால் நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிற அவளுடைய முகம்தான் ஞாபகம் வந்தது. "வாராவாரம் மலைக்குப் போய்ட்டு வந்ததும் உனக்கு வருமே, அந்தத் தலைவலி..." என்றேன்.

டாக்டருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. "வாராவாரம் இதுலயா மலை ஏறுனீங்க? எங்கயாவது வளைவுல மயக்கம் வந்திருந்தா?" என்றார். நான் குமட்டி இறங்கிக்கொண்டேன், தப்பித்தேன். குமட்டாத அவள் அத்தனை புகையையும் குடித்துக்கொண்டு தனியாகப் போயிருக்கிறாள். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் நாகரிகமாக ஷெட் கூரையைப் பார்த்தார்.

"வித்துடவா?" என்று என்னைக் கேட்டாள்.

"மொதல்ல சரி பண்ணு. ஒரு தடவ உன்கூட மேல வரேன். அப்பவும் வாந்தி வந்துச்சுன்னா அது என் வயிறு. சார் எடுத்துட்டுப் போகட்டும்."

டாக்டர் காத்திருப்பதாகச் சொன்னார். போகும்போது டிக்கியை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

புது ரப்பர் ஒட்டுவது சுலபமாக முடிந்தது. குழாய்தான் அவளைப் படுத்தியது. பம்பருக்கு வெளியே வரும்படி அதை நீட்ட வேண்டும், நீட்டினால் சத்தம் மாறிவிடும். ஒரு மாலை முழுக்க வெல்டிங் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒட்டிவிட்டாள். ஸ்டார்ட் செய்து கேட்டோம். ஆபீஸுக்குப் போகிற எந்த வண்டியும் போடுகிற சத்தம். "பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு, கையைத் துடைக்கப் போனவள் நெடுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த ஞாயிறு கிளம்பினோம். மாத்திரை போடவில்லை, எலுமிச்சம்பழமும் எடுக்கவில்லை, கண்ணாடிகளை மட்டும் நன்றாக இறக்கிவிட்டோம். பங்க்கைத் தாண்டினோம். அவள் ரோட்டை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை என்று ஓட்டினாள். "முன்னாடி பாத்து ஓட்டு தாயே" என்றேன். மலைப்பாதை ஆரம்பித்தது. வயிறு கம்மென்று இருந்தது. அந்த வண்டியில் கண்ணை மூடாமல் நான் வந்தது அன்றுதான் முதல் தடவை. அவள் ஓட்டுவதையும் அன்றுதான் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொள்கிறாள். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் தனக்குத்தானே ஏதோ முணுமுணுக்கிறாள். என்ன வேகம்! பயந்தே போனேன்.

ஒரு பெரிய வளைவில் திரும்பும்போது கியரிலிருந்த அவளுடைய கை சட்டென்று நீண்டு என் தொடையை அழுத்திப் பிடித்தது. வளைவு முடிந்ததும் விட்டுவிட்டது. அடுத்த வளைவிலும் அதேதான்.

"நான் ஒண்ணும் விழ மாட்டேன்" என்றேன்.

அப்போதுதான் அவளே தன் கையைக் கவனித்தாள். அசடு வழிந்தாள். "பழக்கங்க. அந்த சீட்டுல தண்ணி பாட்டில் வெச்சிருப்பேன். வளைவுல உருண்டுடும், புடிச்சுக்குவேன்."

இத்தனை ஞாயிறுகளிலும் என் இடத்தில் ஒரு பாட்டில் உட்கார்ந்து மலை ஏறியிருக்கிறது. வெளியே வேடிக்கை பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டேன்.

"எப்படி இருக்கு உங்களுக்கு?" என்றாள் பயந்துகொண்டே.

"நல்லா இருக்கு. டாக்டருக்கு வேற வண்டி பாத்துக்கச் சொல்லிடு."

அதற்குள் அடுத்த வளைவு வந்துவிட்டது. பாட்டில் என் காலடியில்தான் கிடந்தது. ஆனாலும் கை வந்தது.