ஜீப் ஷெட்டில் எரிந்த குண்டு பல்பு

கண்ணமங்கலத்து எலக்ட்ரீஷியன் எல்வினைப் பழைய பல்பு மாற்றக் கூப்பிட்டுப் பாருங்கள். ஏணியில் ஏறுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்பான். "வூட்ல யார்னா வெளிய போயி இன்னும் வராம இருக்காங்களா?" பல்பு மாற்ற வந்தவனுக்கு இது எதற்கு என்று எல்லோரும் கிண்டல் செய்வார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். ஆனால் பதில் வரும் வரை ஏணியில் கால் வைக்க மாட்டான்.

இது கட்டுக்கதை இல்லை. போன வருஷம் ஐப்பசி மாதம், ஒரு வியாழக்கிழமை நடந்தது. எல்வின் குடிக்கிறவன் இல்லை, கதை விடுகிறவனும் இல்லை. கரண்டைத் தவிர அவனுக்கு எதன்மேலும் பயம் கிடையாது என்று அவன் மனைவி டெல்சியே சொல்லுவாள், அதுவும் பாராட்டாக அல்ல.

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஒரு வீடு. அங்கே மங்கம்மாள் என்ற அம்மாவும் அவருடைய மகள் ரேணுகாதேவியும் இருக்கிறார்கள். மகளுக்கு நர்ஸ் வேலை. போன் பண்ணியது அவள்தான். "மொத்த வூட்டுக்கும் எல்.இ.டி. போட்டுடுங்க ண்ணா. ஜீப் ஷெட்டும் சேத்து. வேற எத வுட்டாலும் பரவால்ல, ஷெட்ட வுட்டுடாதீங்க."

எல்வின் காலை பத்தரைக்கு மலையேறிவிட்டான். வீட்டில் ஏழு டியூப்லைட். எல்லாம் சோக் வைத்த பழைய காலத்துச் சாமான், வண்டு மாதிரி ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தன. மூன்று அறைகளில் குண்டு பல்பு. மத்தியானம் மூன்று மணிக்குள் அத்தனையையும் கழற்றி மாற்றிவிட்டான். மங்கம்மாள் முறத்தில் சாமை புடைத்தபடி வெள்ளை வெளிச்சத்தை அண்ணாந்து பார்த்தார். "ஆஸ்பத்திரி கணக்கா இருக்குது" என்றார். அவ்வளவுதான், வேறு குறை சொல்லவில்லை.

பிறகு ஷெட்டுக்குப் போனான்.

தகரக் கூரை, மண் சுவர். உள்ளே ஜீப் இல்லை. தரையில் காய்ந்துபோன ஆயில் கறை மட்டும் இருந்தது. நடுவில் தொங்கிய நூறு வாட்ஸ் குண்டு பல்பு பட்டப்பகலில் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. அணைக்கலாம் என்று எல்வின் சுவிட்சில் கை வைக்கப் போனான். சுவிட்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"தம்பி! அத தொடாத!"

மங்கம்மாள் முறத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தார். மூச்சு வாங்கியது. "அவரு வந்து அவரே அணைப்பாரு. அதான் எங்க வூட்டு வழக்கம்."

வழக்கம் இதுதான். அந்த வீட்டில் கடைசியாக வீடு திரும்புகிறவர்தான் ஷெட் விளக்கை அணைக்க வேண்டும். வேறு யாரும் தொடக் கூடாது. பெரும்பாலும் கடைசியாக வருவது மங்கம்மாளின் கணவர் கோபால்சாமி. அவர் ஜீப் ஓட்டினார். கீழே கடைசி வளைவில் திரும்பும்போதே ஷெட்டின் மஞ்சள் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும். உடனே ஹாரனை இரண்டு முறை சின்னதாக அடிப்பார். வந்து ஜீப்பை விட்டு, கால் கழுவி, விளக்கை அணைத்துவிட்டுச் சோற்றுக்கு உட்காருவார். பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு மாசி மாதம், புளி மூட்டை ஏற்றிக்கொண்டு ஒடுகத்தூர் போனார். விளக்கு எரிந்தது. அவர் வரவில்லை.

மங்கம்மாள் அந்தப் பக்கம் போனதும் ரேணுகாதேவி மெல்லச் சொன்னாள். "அப்பா கடைசி வளைவுலயே உருண்டுட்டாரு ண்ணா. வூட்டு வெளிச்சம் தெரியற தூரம். நாங்கதான் தூக்கினு வந்து மண்ணுல வெச்சோம். அம்மாவுக்கும் தெரியும். ஆனா வருவாருன்னு உக்காந்துனே இருக்குது. இந்த பல்பு போனாதான் அது மனசு ஆறும்."

எல்வின் இரண்டு பேருக்கும் நல்லவனாக ஒரு வழி கண்டுபிடித்தான். பக்கத்திலேயே இன்னொரு ஹோல்டர் மாட்டி, எல்.இ.டி.யை எரியவிட்டான். அது எரியும்போதே துணியைச் சுற்றிப் பழைய பல்பைக் கழற்றினான். மங்கம்மாள் கீழே நின்று கண் கொட்டாமல் பார்த்தார்.

"வெளிச்சம் அறுந்துச்சா தம்பி?"

"அறுவலம்மா. ஒரு செகண்டு கூட அறுவல."

அந்த அம்மாவின் முகம் தெளிந்தது. எல்வினுக்கும் திருப்தி. ஒரே ஒரு விஷயம்தான் உறுத்தியது. ஹோல்டரை விட்டு வெளியே வந்த பிறகும் அந்தப் பல்பு கொஞ்ச நேரம் எரிந்த மாதிரி இருந்தது. வெளிச்சத்தையே பார்த்த கண் அப்படித்தான் காட்டும் என்று விட்டுவிட்டான்.

இனி அவன் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். டெல்சி முந்தின நாள்தான் நாற்பது நாட்டுக்கோழிக் குஞ்சு வாங்கி அட்டைப்பெட்டியில் விட்டிருந்தாள். குஞ்சுக்குச் சூடு வேண்டும். எல்.இ.டி. வெளிச்சம் தரும், சூடு தராது. குண்டு பல்பு இப்போது கடையில் சுலபமாகக் கிடைப்பதில்லை. வீட்டுக்குள் கழற்றிய மூன்றும் சின்னவை. நூறு வாட்ஸ் இது ஒன்றுதான்.

"ம்மா, இத நான் எடுத்துக்கவா? கோழிக்குஞ்சுக்கு ஆவும்."

"எடுத்துனு போப்பா. இன்னா இப்ப, குஞ்சு பொழைக்கட்டும்."

பல்பைப் பேப்பரில் சுற்றி முதுகுப்பையில் வைத்தான். பைக்கை எடுக்கும்போது மணி 4:10.

4:35. முதுகு சுட்டது. வெயில் இல்லை, மலை முழுக்க மூடுபனி. பைக்கை ஓரமாக நிறுத்தி முதுகுப்பைக்குள் கை விட்டான். பல்பு கொதித்தது. கழற்றிய பல்பு ஐந்து நிமிஷத்தில் ஆறிவிடும். இருபத்தைந்து நிமிஷம் ஆகியிருந்தது.

பின்னால் ஹாரன் சத்தம். இரண்டு முறை, சின்னதாக.

வழிவிட்டு ஓரமாக நின்றான். எந்த வண்டியும் வரவில்லை.

5:05. மறுபடியும் ஹாரன். இரண்டு முறை. கண்ணாடியில் பார்த்தான். பனி மட்டும் தெரிந்தது. எல்வின் வேகமாகப் போனான். சத்தமும் அதே தூரத்தில் கூடவே வந்தது.

5:30. கீழே இறங்கும்போது டீசலும் புளியும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. திரும்பிப் பார்க்கவே கூடாது என்று நினைத்தான். பார்த்துவிட்டான். முதுகுப்பையின் ஜிப் ஓரத்தில் மஞ்சளாக ஒரு கோடு... உள்ளே விளக்கு எரிகிற மாதிரி.

பல்பைத் தூக்கி எறிந்துவிடத்தான் நினைத்தான். ஆனால் நிறுத்தினால்தானே எறிய முடியும்? நிறுத்த அவனுக்குத் துணிவு இல்லை.

6:35க்கு வீடு வந்து சேர்ந்தான். வாசலிலேயே டெல்சி பிடித்துக்கொண்டாள். "இன்னாங்க இவ்ளோ நேரம்? குளுருல ரெண்டு குஞ்சு செத்துப் போச்சி. பல்பு கொண்டாந்தீங்களா இல்லியா?"

பெட்டியில் மிச்சக் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்திக்கொண்டிருந்தன. அதைப் பார்த்த பிறகு முடியாது என்று எப்படிச் சொல்வது? பல்பைத் தொட்டான். இப்போது ஜில்லென்று இருந்தது. எல்லாம் பிரமை என்று மனதைத் தேற்றிக்கொண்டு பெட்டிக்கு மேல் மாட்டி, சுவிட்சைப் போட்டான். எரிந்தது.

குஞ்சுகள் கத்துவதை நிறுத்திப் பரவலாகப் படுத்தன. டெல்சி சிரித்தாள்.

மணி 7:10.

வாசலில் ஹாரன். இரண்டு முறை, சின்னதாக.

டெல்சி எட்டிப் பார்த்தாள். "யாருமில்லியே..."

பின்கட்டில் குழாய் திறக்கும் சத்தம். தண்ணீர் கொட்டியது. யாரோ நிதானமாகக் கால் கழுவினார்கள். முதலில் ஒரு கால்... அப்புறம் இன்னொன்று.

குழாய் மூடியது.

ஈரக் காலடி. ஒன்று... இரண்டு... மூன்று... சிமெண்டுத் தரையில் தடம் மட்டும் வந்தது. ஆள் இல்லை. பெட்டிக்குப் பக்கத்தில், சுவிட்சுக்குக் கீழே வந்து நின்றது.

டக்.

பல்பு அணைந்தது.

எல்வின் பாய்ந்து போய் சுவிட்சைப் போட்டான்.

டக்.

மறுபடி போட்டான். இந்த முறை கண்ணால் பார்த்தான். சுவிட்ச் தானாக மேலே போனது.

டக்.

டெல்சி அவன் கையை இறுக்கிப் பிடித்தாள். ஈரத் தடத்தைப் பார்த்துச் சொன்னாள். "இது... உங்க வூடு இல்லிங்க."

ஈரத் தடம் சுவிட்சை விட்டுத் திரும்பியது.

பிறகு, சாப்பாட்டு மேசை நாற்காலி தானாகப் பின்னுக்கு நகர்ந்தது.

யாரோ உட்கார்ந்தார்கள்.

அதற்கு மேல் அவர்கள் அங்கே நிற்கவில்லை. குஞ்சுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாலாவது தெருவில் இருக்கும் டெல்சியின் அண்ணன் வீட்டுக்கு ஓடினார்கள். பாட்டிலில் சுடுதண்ணீர் ஊற்றிப் பெட்டிக்குள் வைத்தே குஞ்சுகளைக் காப்பாற்றினார்கள். டெல்சி விடிய விடிய ஜெபமாலையை விடவில்லை. எல்வினும் கூடச் சொன்னான். கல்யாணமானதிலிருந்து அவன் ஜெபமாலை சொன்னது அன்றைக்குத்தான்.

காலை 6:15க்கு ரேணுகாதேவி போன் பண்ணினாள்.

"அண்ணா, அம்மா ராத்திரி பூரா தூங்கல. ஷெட்லயே உக்காந்துனு இருக்குது. நேத்து ஹாரன் கேக்கலியாம்."

"இன்னா ஹாரன்?"

"தெனம் ஏழு பத்துக்கு கடைசி வளைவுல கேக்கும். ரெண்டு தடவ. அங்கியே நின்னுடும், மேல வராது. பதினோரு வருஷமா. அத கேட்டுட்டுதான் அம்மா சாப்புடும்." அப்புறம் அவளே சொன்னாள். "எனக்கும் கேக்கும் ண்ணா. வேற யாரோ ஜீப்புன்னு சொல்லினு இருந்தேன். நேத்து எனக்கும் கேக்கல."

எல்வின் போனை இடது காதுக்கு மாற்றிக்கொண்டான்.

"நேத்து... உங்க வூட்டாண்ட கேட்டுச்சா?"

"பல்ப எடுத்துனு வரேம்மா" என்று மட்டும் சொன்னான்.

ஏழு மணிக்கு வெயில் நன்றாக வந்த பிறகுதான் வீட்டுக்குள் போனான். தரை காய்ந்திருந்தது. நாற்காலி பின்னுக்குத் தள்ளியபடியே கிடந்தது. பல்பைக் கழற்றினான். கையில் வந்த பல்பை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பது எந்த எலக்ட்ரீஷியனுக்கும் பழக்கம். இவனும் பார்த்தான்.

உள்ளே கம்பி இல்லை.

அறுந்து, துண்டு துண்டாக அடியில் கிடந்தது. கண்ணாடியின் உட்புறம் கறுத்துப் போயிருந்தது. நேற்று அறுந்த பல்பு அப்படி இருக்காது. இருபது வருஷத் தொழிலில் அவன் பார்த்தவரை, அது பியூஸ் போய்ப் பல வருஷம் ஆகியிருக்க வேண்டும்.

பத்தரைக்கு மலை மேல் இருந்தான். மங்கம்மாள் ஷெட்டில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். எல்.இ.டி. எரிந்துகொண்டிருந்தது. "மொதல்ல அத எடு" என்றார். எடுத்தான். ஷெட் இருண்டது. பழைய ஹோல்டரில் குண்டு பல்பை மாட்டினான். சுவிட்ச் போட்டபடியேதான் இருந்தது.

எரியவில்லை. எரியாது என்று அவனுக்குத் தெரியும்.

மங்கம்மாள் அண்ணாந்து பார்த்தார். கண் கூசுகிற மாதிரி கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டார். "இப்பதான் வெளிச்சமா இருக்குது" என்றார்.

"அம்மா, அது எரி..." என்று ஆரம்பித்த ரேணுகாதேவி பாதியில் நிறுத்தினாள். அவள் பார்த்த இடத்தை எல்வினும் பார்த்தான்.

மங்கம்மாளுக்குப் பின்னால் மண் சுவரில் அவர் நிழல் விழுந்திருந்தது. நெற்றிக்கு மேல் வைத்த கையோடு, தெளிவாக.

பக்கத்தில் நின்ற அவர்கள் இரண்டு பேருக்கும் நிழல் இல்லை.

எல்வின் ஏணியைக்கூட மடிக்காமல் கிளம்பினான். அந்த ஏணி இன்னும் அங்கேதான் இருக்கிறது. அன்று அவன் பின்னால் ஹாரன் சத்தம் எதுவும் வரவில்லை. நிம்மதியாக வீடு வந்து, குஞ்சுகளுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தபோது போனில் செய்தி வந்தது. ரேணுகாதேவிதான். நேரம் 7:19.

"ஹாரன் கேட்டுச்சு ண்ணா. இன்னிக்கு வளைவுல நிக்கல. ஷெட் சுவிட்ச் தானா ஆப் ஆயிடுச்சி. அம்மா ரெண்டு தட்டு எடுத்து வெச்சி சோறு போடுது. நான் வெளிய நிக்கறேன்."