ஆப்பிள் மரமும் பக்கத்து வீட்டு ஆடும்

திண்டுக்கல் வெயிலில், மொட்டை மாடி டிரம்மில் ஆப்பிள் வளர்க்கிறேன் என்றால் சிரிக்காத ஆள் இல்லை. இங்கே குளிர் போதாது. மார்கழியில் இலை முழுவதையும் கையால் உருவிவிட்டால்தான் பூக்கும் என்று கன்று விற்றவர் சொல்லியிருந்தார். தளதளவென்று நிற்கும் மரத்தை மொட்டையடிக்க எனக்கு மனசு வரவில்லை.

ஒருநாள் பக்கத்து வீட்டு அக்காவின் ஆடு படியேறி வந்து, ஓர் இலை விடாமல் தின்றுவிட்டது. தெருவே கேட்கும்படி கத்தினேன்.

மாசியில் மரம் வெள்ளையும் ரோஸுமாகப் பூத்தது. காயும் பிடித்தது.

இந்த மார்கழியில் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"அக்கா, ஆட்டைச் செத்த நேரம் மாடிக்கு அனுப்புறீங்களா?"

"அம்புட்டுத் திட்டு திட்டுனீங்கள்ல? அது இன்னும் கோவமா இருக்கு. நீங்களே கேட்டுக்கங்க."

அகத்திக்கீரைக் கட்டோடு போய்க் கேட்டேன்.