மாயவன் ஸ்டாண்டில் தொலைந்த வண்டி

வெள்ளிமலைப் பக்கத்து இருசப்பனுக்கு மாயவன் முப்பத்தையாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தார். கைமாற்றாக வாங்கிய கடன் அல்ல, வட்டிக்கு வாங்கியதும் அல்ல. தான் நடத்துகிற டூவீலர் ஸ்டாண்டில் விட்ட வண்டி காணாமல் போனதற்காகத் தன் வாயாலேயே ஒப்புக்கொண்ட கடன். பிறந்து இத்தனை வருஷத்தில் அவர் பட்ட முதல் கடன் அதுதான்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மாயவனைத் தெரியாதவர் கிடையாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். மார்க்கெட் கமிட்டியில் நெல் மூட்டையும் மக்காச்சோள மூட்டையும் தூக்கி, தூக்கின கூலியில் பாதியைத் தின்னாமல் சேர்த்து, முள் மண்டிக் கிடந்த ஒரு காலி மனையை வாடகைக்குப் பிடித்தார். முள்ளை வெட்டினதும் அவரே, கீற்றுக் கொட்டகை போட்டதும் அவரே. முதலில் சைக்கிள் விட்டார்கள், பிறகு மொபெட், பிறகு மோட்டார் சைக்கிள். கீற்று போய்த் தகரம் வந்தது. வாடகை மனை சொந்த மனை ஆனது. மூன்று பெண்களையும் கட்டிக்கொடுத்தார். எழுத்து என்று அவருக்குத் தெரிந்தது தன் கையெழுத்து மட்டும்தான். அதையும் மனையைக் கிரயம் பண்ணுகிற வாரத்தில்தான் பழகினார். படித்தவன் எத்தனையோ பேர் வாடகை வீட்டில் இருக்க, படிக்காத மாயவன் பஸ் ஸ்டாண்டை ஒட்டி மனை வாங்கினார் என்றால் சும்மா இல்லை.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. டோக்கன் காசைக் கையில் வாங்க மாட்டார். மேசைமேல் ஒரு எவர்சில்வர் தட்டு. "அதுல போடு" என்பார். புதிதாக வந்த பிள்ளைகள் தெரியாமல் கையில் கொடுக்க வந்தால் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்.

"இந்தக் கை குடுத்துப் பழகின கை. எவன் கிட்டயும் நீட்டினதில்ல."

"சில்லறை வாங்கறதுக்குக் கூடவா தாத்தா?"

"சில்லறைக்கு நீட்டினா, அப்பால எல்லாத்துக்கும் நீட்டும்."

ஊரைச் சுற்றிக் காலேஜுகள் முளைத்தபோது ஸ்டாண்டும் பெருத்தது. சின்னசேலம், தியாகதுருகம், மலை என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். வண்டியை இங்கே விட்டுவிட்டுக் காலேஜ் பஸ் ஏறிப் போவார்கள். பிள்ளைகள் வந்தால் செல்போன் வரும், செல்போன் வந்தால் பிடுங்குகிறவனும் வருவான். பெட்ரோலை உறிஞ்சுகிறவன் வந்தான், பூட்டை உடைக்கிறவன் வந்தான், பஸ்ஸுக்கு நிற்கிற பெண்பிள்ளைகளை உரசிக்கொண்டு போகிறவனும் வந்தான். மாயவன் தன் மேசைக்குப் பக்கத்தில் ஒரு நீளப் பெஞ்சு போட்டார். சாயங்காலம் பஸ் தாமதமானால் பெண்பிள்ளைகள் அதில் உட்கார்ந்துகொள்ளலாம். எவனாவது அந்தப் பக்கம் சுற்றினால், "இன்னாடா வோணும்?" என்று மூட்டை தூக்கின குரலில் ஒரே ஒரு அதட்டல். அதோடு சரி.

சுவரில் பெயிண்டரைக் கூப்பிட்டுச் சிவப்பு எழுத்தில் எழுதவைத்தார்: இன்றுவரை ஒரு வண்டியும் தொலைந்ததில்லை. வாசிக்க வராவிட்டாலும் அந்த வரி எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று அவருக்குத் தெரியும். அது உண்மையாகவும் இருந்தது, அந்தப் புதன்கிழமை வரைக்கும்.

அந்தப் புதன்கிழமை ஒரு கல்யாண மண்டபத்தில் காவல்துறையும் கடைக்காரர்களும் சேர்ந்து கூட்டம் போட்டார்கள். மாணவர் பாதுகாப்புக்கான கூட்டம். மாயவனுக்கு முதல் வரிசையில் நாற்காலி. பக்கத்தில் பெண்கள் ஹாஸ்டல் நடத்துகிற வீரமணி. மேடையில் அதிகாரி ஒரு தாளைப் பார்த்துப் படித்தார். பஸ் ஸ்டாண்டுப் பகுதியில் போன வருஷத்தைவிட இந்த வருஷம் திருட்டு வழக்குகள் பாதிக்குப் பாதி குறைந்திருக்கின்றனவாம். எல்லோரும் கைதட்டினார்கள்.

வீரமணி காதோரம் சாய்ந்தான். "நம்ப ஹாஸ்டல்லயே மூணு போன் பூடுச்சிண்ணே. மூணு பொண்ணுக்கும் நானே புதுசு வாங்கிக் குடுத்துட்டேன். கேசு கீசுன்னு போனா பெத்தவங்க வந்து பொண்ணை இட்டுக்கினு போயிடுவாங்க."

"அப்ப அந்தத் தாள்ல உன் மூணு போன் இல்லியா?"

"எப்டி இருக்கும்?" என்று வீரமணி சிரித்தான். மாயவனும் சிரித்தார். பிறகு அவர் பெயரைச் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டு, ஒரு வண்டிகூடத் தொலையாத ஸ்டாண்டு என்று சொல்லிச் சால்வை போர்த்தினார்கள்.

சால்வையோடு ஸ்டாண்டுக்குத் திரும்பினார். அவர் மனைவி குஞ்சம்மாள்தான் அன்று மேசையில் இருந்தாள். முகம் சரியில்லை.

"ஒருத்தன் வந்தான். கழுத்துல காலேஜ் அட்டை தொங்குச்சி. டோக்கன் தொலைஞ்சிபோச்சி ஆயா, பரீட்சைக்கு நேரமாச்சின்னு அழாத குறையாக் கெஞ்சினான். புள்ளையாச்சேன்னு வுட்டுட்டேன். அப்பால பார்த்தா அது அந்த மலைப்பையன் ஜெயப்பிரகாஷு வண்டி."

ஜெயப்பிரகாஷ் மலையிலிருந்து திங்கட்கிழமை வந்து வண்டியை விட்டுவிட்டுக் காலேஜ் ஹாஸ்டலில் தங்குவான். வெள்ளிக்கிழமைதான் எடுப்பான். ஹாஸ்டலில் வண்டி வைக்க அனுமதி இல்லை.

"என் மேலதான் தப்பு. ஸ்டேஷன்ல நானே சொல்றேன், வா" என்றாள் குஞ்சம்மாள்.

"வாயை மூடு. சால்வை மடிப்புகூடக் கலையல. இன்னைக்கே போயி, என் ஸ்டாண்டுல திருட்டுன்னு சொல்லச் சொல்றியா?"

வெள்ளிக்கிழமை பையன் டோக்கனை நீட்டினான். மாயவன் அவனை டீக்கடைக்கு அழைத்துப்போய் விஷயத்தைச் சொன்னார். பையன் முகம் கருத்துப்போனது. "கம்ப்ளைண்ட் குடுக்கலாங்களா தாத்தா?" என்றான்.

"உனக்கு வோண்டியது வண்டி. அதுக்குப் பணம் நான் தரேன். ஸ்டேஷனுக்கு அலைஞ்சா உன் படிப்புதான் கெடும்."

மறுநாள் பையனின் அப்பா இருசப்பன் ஜீப்பில் இறங்கி வந்தார். கேரளத்து மிளகுத் தோட்டங்களில் கூலி வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் பழைய வண்டியாகப் பார்த்து மகன் பெயரில் வாங்கினவர். அதிகம் பேசாத மனிதர். ஸ்டேஷன் வேண்டாம் என்று மாயவன் சொன்னதும் ஒப்புக்கொண்டார். மலைக்காரர் ஸ்டேஷன் வாசலை மிதித்தால் பதில் கிடைப்பதைவிடக் கேள்விதான் ஜாஸ்தி என்பது அவர் கண்டது. வண்டிக்கு முப்பத்தையாயிரம் என்று முடிவானது. மாயவன் அங்கேயே ஐயாயிரத்தை எண்ணி வைத்தார். மிச்சத்தை மலையில் அறுவடை முடிவதற்குள் தருவதாகப் பேச்சு. சுவரில் இருந்த வரி அப்படியே இருந்தது.

ஒரு மாதம் கழித்து இருசப்பன் மறுபடி வந்தார். பாக்கியைக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து மாயவன் முந்திக்கொண்டார். "அறுவடைன்னுதானே பேச்சு?"

"பணத்துக்கு வரலைங்க. வண்டி கிடைச்சிடுச்சி."

"கிடைச்சிடுச்சா! எங்க?"

"அடிவாரச் சோதனைச் சாவடியில. ரெண்டு பக்கமும் சாராயம் ரொப்பின லாரி ட்யூபுங்க. ஓட்டினவன் வண்டியைப் போட்டுட்டுக் காட்டுக்குள்ள ஓடிட்டான். வண்டி நம்பரைப் பார்த்து எங்க வூட்டுக்கு வந்துட்டாங்க. பையனை இட்டுக்கினு வான்றாங்க. திருடு போச்சின்னு சொன்னேன். அப்ப கம்ப்ளைண்ட் எங்கன்னு கேக்கறாங்க."

சாராயம் என்ற பேச்சை இப்போது இந்த ஊரில் யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்துச் செத்தவர்களை வரிசையாக வைத்த அன்று மாயவனும் அந்தத் தெருவில் நின்றவர்தான். அவரோடு கமிட்டியில் மூட்டை தூக்கின இரண்டு பேர் அந்த வரிசையில் கிடந்தார்கள். சாராயக் கேசில் ஒரு படிக்கிற பையன் பெயர் ஏறினால் காலேஜும் போச்சு, பிறகு கிடைக்கிற வேலையும் போச்சு.

"மிச்சம் முப்பதாயிரத்தை இப்பவே தரேன்" என்றார் மாயவன். "மேல ஒரு பத்தாயிரமும் தரேன். நல்ல வக்கீலாப் பாரு."

"பணம் வேணாங்க. உங்க ஸ்டாண்டுல திருடு போச்சின்னு நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"நான் சொல்லலைன்னா?"

இருசப்பன் சுவரில் இருந்த சிவப்பு எழுத்தை ஒரு தரம் பார்த்தார். "நாளைக்குப் பத்து மணிக்குப் பையனை இட்டுக்கினு ஸ்டேஷனுக்கு வரேங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அன்று பகல் முழுக்க மாயவன் யாரையும் அதட்டவில்லை. வீரமணியிடம் போய்க் கேட்டார். அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"போயிடாதண்ணே. போனா, மாயவன் ஸ்டாண்டுல இருந்துதான் சாராய வண்டி கிளம்புதுன்னு ஆயிடும். நாளைக்கே புள்ளைங்க எதிர் ஸ்டாண்டுக்குப் போயிடும். நாம எதையும் எழுதிக் குடுக்காததாலதான் ஊரு அமைதியா இருக்குது."

"ஊரு அமைதியா இருக்குதா, தாளு அமைதியா இருக்குதா?"

வாயிலிருந்து வந்த பிறகுதான் அதைத் தானே கேட்டோம் என்று மாயவனுக்கு உறைத்தது. வீரமணியின் மூன்று போன், தன்னுடைய ஒரு வண்டி. இந்தத் தெருவில் இப்படிச் சொல்லாமல் விழுங்கியவர்கள் இன்னும் எத்தனை பேரோ. திருட்டு இல்லாத தெரு என்று நம்பித்தானே இங்கே போலீஸ் ரோந்துகூட வருவதில்லை. அந்தத் திருடன் இன்னொரு காலேஜ் அட்டையை மாட்டிக்கொண்டு இன்னொரு ஸ்டாண்டில் நின்றிருப்பான். அவனுக்கு யார் பயம் காட்டினார்கள்?

ஸ்டாண்டுக்குத் திரும்பினார். குஞ்சம்மாள் தட்டில் இருந்த சில்லறையைத் துணியில் முடிந்துகொண்டிருந்தாள்.

"இன்னா முடிவு பண்ண?"

"இத்தனை வருசப் பேருடி."

"இன்னா பேரு? வண்டி தொலையலன்னு பேரு. தொலைஞ்சிதான் போச்சே. அந்தப் புள்ளை உன்னை நம்பி வுட்டுட்டுப் போச்சா, இந்தச் சுவத்தை நம்பியா?" என்றாள். பிறகு, அவள் வழக்கப்படி, "அந்தச் சால்வையும் உடம்பெல்லாம் அரிக்குது. பூனைக்குத்தான் போட்டுருக்கேன்" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் மாயவன் சலவை வேட்டி கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். மேல்சட்டைப் பையில் பையன் திருப்பிக் கொடுத்த டோக்கன். வாசல் வேப்பமரத்தடியில் இருசப்பனும் ஜெயப்பிரகாஷும் நின்றிருந்தார்கள். அவரைப் பார்த்ததும் பையன் கண் கலங்கிவிட்டது. மாயவன் பார்க்காததுபோல் உள்ளே நுழைந்தார்.

இன்ஸ்பெக்டருக்கு அவரை அடையாளம் தெரிந்தது. "வாங்க பெரியவரே. கூட்டத்துல சால்வை வாங்கினீங்களே!"

"அதே நாள்தாங்க. நீங்க கைதட்டிக்கினு இருந்தீங்க, அங்க ஸ்டாண்டுல வண்டியை ஓட்டிக்கினு போயிட்டான்." மேசைமேல் டோக்கனை வைத்தார். "வண்டியை எடுத்தவன் கையில டோக்கன் இல்ல. டோக்கன் இந்தப் புள்ளைகிட்ட இருந்தது. என் பொஞ்சாதி அவன் மூஞ்சைப் பார்த்திருக்கா, அடையாளம் சொல்லுவா. கம்ப்ளைண்ட் குடுக்கறேன்னு புள்ளை சொல்லுச்சி. வேணாம்னது நானு."

"ஏன் பெரியவரே?"

"என் பேரு கெட்டுடுமேன்னுதாங்க."

இன்ஸ்பெக்டர் டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அன்னைக்கே சொல்லியிருந்தா எல்லாச் சாவடிக்கும் நம்பர் போயிருக்கும். ட்யூபு ஏத்தறதுக்கு முன்னாடியே மடக்கியிருப்போம்."

"ஆமாங்க."

மாயவன் சொல்லச் சொல்ல ஏட்டய்யா எழுதினார். அடியில் மாயவன் கையெழுத்துப் போட்டார். மனை வாங்கின நாளுக்குப் பிறகு இவ்வளவு நிதானமாக அவர் கையெழுத்துப் போட்டதில்லை. பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்: "இதால உங்க தாள்ல ஒண்ணு ஏறுமா?"

"ஏறும்."

"ஏறட்டுங்க. இன்னும் கொஞ்சம் ஏறும். வீரமணியையும் வரச் சொல்றேன்."

வீரமணி வந்தானா என்றால், வந்தான். பத்து நாள் மாயவனோடு பேசாமல் இருந்துவிட்டுத்தான் வந்தான். ஜெயப்பிரகாஷ் பெயர் கேசிலிருந்து விலகியது. குஞ்சம்மாள் சொன்ன அடையாளத்தில் ஒருவனைப் பிடித்தார்கள். அவன் எந்தக் காலேஜிலும் படிக்கவில்லை. அட்டையை எங்கேயோ பொறுக்கி மாட்டியிருக்கிறான். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு போலீஸ்காரர் சாயங்காலங்களில் வந்து நிற்க ஆரம்பித்தார். சில நாள் மாயவனின் பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டார். கொஞ்சம் பிள்ளைகள் எதிர் ஸ்டாண்டுக்குப் போனதும் நடந்தது. மாயவன் சுண்ணாம்பு வாங்கி, அந்தச் சிவப்பு வரிமேல் தானே அடித்தார். முதல் பூச்சுக்கு எழுத்து மறையவில்லை. இரண்டாவது தரமும் அடித்தார்.

அறுவடை முடிந்து, கோர்ட்டில் மனுப்போட்டு, வண்டி இருசப்பன் கைக்கு வந்தது. ஒரு திங்கட்கிழமை அப்பாவும் மகனும் அதிலேயே மலையிறங்கி வந்தார்கள். ஜெயப்பிரகாஷ் வண்டியைப் பழைய இடத்திலேயே நிறுத்தினான். தட்டில் காசைப் போட்டு டோக்கன் வாங்கிக்கொண்டு காலேஜ் பஸ்ஸுக்கு ஓடினான்.

மாயவன் மேசை இழுப்பறையைத் திறந்தார். "உன் மிச்சம் முப்பதாயிரம் கட்டாக் கீது. எடுத்துக்க."

"எதுக்குங்க? வண்டிதான் வந்துடுச்சே." இருசப்பன் சட்டைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். "நீங்க குடுத்த ஐயாயிரம் இதுல இருக்குது. இருநூறு எடுத்துக்கிட்டேன். கண்ணாடி ஒடைஞ்சிருந்துச்சி, அதுக்கு."

"அட, வெச்சிக்கய்யா. புள்ளை படிப்புக்கு ஆவும்."

"நானும் சும்மா வாங்கிப் பழகலைங்க."

மாயவன் வழக்கம்போல எவர்சில்வர் தட்டை அவர் பக்கம் தள்ளினார். "அதுல போடு."

இருசப்பன் தட்டைப் பார்த்தார். போடவில்லை. நோட்டைக் கையில் பிடித்தபடியே நின்றார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு காலேஜ் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். குஞ்சம்மாள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

மாயவன் எழுந்து நின்றார். மூட்டை தூக்கிக் காய்ப்பு ஏறின வலது கையை மேசைக்கு மேலே நீட்டி விரித்தார். இருசப்பன் அந்தக் கையில் நோட்டை ஒவ்வொன்றாக, வாய்விட்டு எண்ணி வைத்தார்.