மஞ்சள் என்றால் அழுக்கு

எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, அதில் சமையல் சோடாவைக் கொட்டி, நுரை பொங்கி அடங்கும்வரை காத்திருக்கிறாள். பிறகு அந்தக் குழம்பில் பிரஷ்ஷைத் தோய்த்து முன்பற்களில் வைத்து அழுத்தித் தேய்க்கிறாள். அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்ப்பது போன்ற சத்தம் படுக்கையறைவரை கேட்கிறது.

“சுவரு இடிஞ்சிடப் போகுது” என்று போர்வைக்குள்ளிருந்து முனகுகிறார் லாரி ஓட்டும் கணவர்.

அவள் கண்ணாடியை நெருங்கி, விரலால் உதட்டைத் தூக்கிப் பார்க்கிறாள். மஞ்சள் அப்படியே இருக்கிறது. நேற்றைவிட ஒரு பிடி கூடவே இருப்பதாகப் படுகிறது.

சட்டை தைக்கும் ஆலையில் அவள் செக்கர். தைத்து வரும் சட்டைகளில் குறை கண்டுபிடிப்பதுதான் வேலை. காலரைத் திருப்புவாள், தையலை நகத்தால் நெருடுவாள், சந்தேகம் வந்தால் மோந்தும் பார்ப்பாள். குறை கிடைத்துவிட்டால் நிம்மதி. எல்லாம் சரியாக இருந்தால்தான் அவளுக்கு மனசு கேட்காது. “எங்கேயோ இடிக்குதே” என்று முதலிலிருந்து ஆரம்பிப்பாள். உடன் வேலை செய்கிறவர்கள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் பூதக்கண்ணாடி. அதே கண்ணோடுதான் வீட்டுக்கும் போகிறாள். பால்காரர் சிரித்துப் பேசினால், அன்றைக்குப் பாலில் தண்ணீர் என்று அர்த்தம்.

பல் விவகாரம் நாத்தனாரின் கல்யாணப் போட்டோவில் தொடங்கியது. படத்தில் நாத்தனாரின் பல் புது டைல்ஸ் மாதிரி பளபளத்தது. பக்கத்தில் நின்ற இவளுடைய பல் பழைய பியானோக் கட்டை மாதிரி இருந்தது.

“எப்பவும் இப்படித்தானே இருந்துச்சு?” என்றார் கணவர், ஆறுதலாகத்தான்.

“எப்பவுமா? இத்தனை வருஷமா பாத்துக்கிட்டே வாயைத் திறக்காம இருந்திருக்கீங்க?”

அன்று அவருக்குச் சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்கவில்லை.

நாத்தனார் பல் மருத்துவமனையில் வெள்ளையாக்கிக் கொண்டதாகச் சொன்னதை இவள் நம்பவில்லை. அது மொத்தமாக வாங்கி மாட்டிய செட் என்பது இவள் கட்சி. விருந்துக்கு வந்தவளுக்கு முற்றிய சோளக்கதிரை அவித்துக் கொடுத்து, எதிரே உட்கார்ந்து கண்கொட்டாமல் பார்த்தாள். கதிர் காலியானது. பல் அசையவில்லை. போதாக்குறைக்கு நாத்தனாரே, “வெள்ளை கொஞ்சம் மங்குது அண்ணி, மறுபடியும் போகணும்” என்றாள்.

“மங்குதா? அப்போ பெயின்ட்தான் அடிச்சிருக்கான். இல்லன்னா ஆசிட் ஊத்தி உரிச்சிருக்கான்.”

அதனால்தான் தன் பல்லைத் தானே பார்த்துக்கொள்ள முடிவெடுத்தாள். எலுமிச்சைக்கும் சோடாவுக்கும் மசியாத நாட்களில் கரித்தூள். மஞ்சள் என்றால் அழுக்கு, அழுக்கென்றால் தேய்த்தால் போக வேண்டும். இதில் மட்டும் அவளுக்கு எந்தச் சந்தேகமும் வந்ததில்லை.

ஒரு நாள் ஆலையில் குளிர்ந்த தண்ணீரை ஒரு மடக்குக் குடித்தவள், சட்டைக் குவியலின் மேலேயே கவிழ்ந்துவிட்டாள். பல் வழியாக மூளைக்குள் ஊசி ஏறியதுபோல் ஒரு வலி. அதன்பின் தண்ணீரை வெதுவெதுப்பாக்கி, தலையைச் சாய்த்து, கடைவாய் வழியாக விட்டுக் குடித்தாள். வாய்வழியாக மூச்சிழுத்தாலும் சுரீர் என்றது. தூக்கம் போயிற்று. எல்லாப் பல்லும் கொட்டிவிடுமோ என்ற பயத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

கடைசியில் பல் டாக்டரம்மா முன்னால் வாயைத் திறந்தாள். டாக்டரம்மா பொறுமையாகப் பார்த்தார்.

“எதை வச்சும்மா தேய்ச்சீங்க?”

சொன்னாள்.

“நீங்க கறையைத் தேய்க்கல, துணியையே தேய்ச்சிருக்கீங்க. மேல இருக்கிற எனாமல் தேய்ஞ்சு போச்சு. உள்ள இருக்கிறதோட நிறமே மஞ்சள்தான். தேய்க்கத் தேய்க்க அதுதான் வெளிய தெரியும். தேய்ஞ்சது திரும்ப வளராது. ஆனா இதோட நிறுத்துனா பல்லு நிக்கும்.”

“அப்போ நீங்களே வெள்ளையாக்கி விட்டுருங்க.”

“இப்ப வேணாம். இந்தப் பல்கூச்சத்தோட செஞ்சா இன்னும் வலிக்கும். மொதல்ல கூச்சத்துக்கு மருந்து பூசுறேன். இவ்ளோ தேய்ச்சும் ஒரு சொத்தைகூட இல்ல. சிலருக்குப் பொறப்புலயே பல்லு மஞ்சளாத்தான் இருக்கும்மா, அது நோய் இல்ல.”

அவள் கண் சுருங்கியது. வந்த கிராக்கியை வேண்டாமென்று எவராவது திருப்பி அனுப்புவார்களா? பல்லைத் தேற்ற முடியாது என்பதைத்தான் நாசூக்காகச் சொல்கிறாரோ?

“எங்கேயோ இடிக்குதே” என்றாள், சத்தமாகவே.

“என்ன இடிக்குது?”

அவள் படுத்த வாக்கிலேயே கையை நீட்டி, தன் முகத்துக்கு மேல் எரிந்த விளக்கைப் பிடித்து டாக்டரம்மா பக்கம் திருப்பினாள்.

“மாஸ்க்கைக் கொஞ்சம் எறக்குங்க. ஈன்னு காட்டுங்க.”

டாக்டரம்மா திகைத்து, பிறகு சிரித்தபடி இறக்கினார். மேல்வரிசை முழுதும் இளமஞ்சள். அவள் எழுந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“கீழ்வரிசை?”

அதையும் காட்டினார். பார்த்து முடித்து, விளக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, சாய்ந்து, வாயை அகலத் திறந்தாள்.